எப்சிபாள் கூப்பிட்ட பெயர்கள்

எப்சிபாளுக்கு ஆண்டவர் அழகை அளந்து கொடுத்துவிட்டுக் குரலை வாரி வழங்கியிருந்தார். வேலூர் கோயிலில் அவள் கீர்த்தனைக்கு வாயைத் திறந்தால், பிரசங்கத்தில் தூங்கிப்போன பெரியவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்வார்கள். ஆசிரியைப் பயிற்சியில் முதல் மாதிரிப் பாடம் நடத்தும்போது பாதியில் அழுதுவிட்டாள் என்பது உண்மைதான். இரண்டாவது தடவை தேறினாள். அதற்கும் குரல்தான் கைகொடுத்தது. "ஆஜர் கூப்பிடுகிற கூப்பாட்டிலேயே வகுப்பு உன் கைக்குள் வந்துவிட வேண்டும்" என்று பயிற்சிப் பள்ளித் தலைமையம்மா சொல்லியிருந்தார். அதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். வேதவாக்குகளிலேயே தொல்லை பிடித்தவை, தொழில் சொல்லிக்கொடுக்கிறவர்கள் சொல்லுகிற வேதவாக்குகள்தாம்.

1929ஆம் வருஷம் அவளுக்கு மேல்விஷாரத்தில் வேலை கிடைத்தது. ஊர் முஸ்லிம் பெரியவர்கள் கமிட்டி போட்டு நடத்திய சின்னப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் அது. கமிட்டிக் காரியதரிசி மஹபூப் பாஷா தோல் வியாபாரி. அவருடைய தோல் மண்டியை ஒட்டிய வீட்டில்தான் பள்ளிக்கூடம் நடந்தது. அதற்குத் தெருப்பக்கம் ஒரே ஒரு ஜன்னல், அதுவும் எப்போதும் சாத்தியே கிடந்தது. முன்பிருந்த டீச்சர் கல்யாணமாகிப் போய்விட்டாள். அவள் வாய்க்குள்ளேயே பேசி வாய்க்குள்ளேயே பாடம் நடத்தியவளாம்.

இந்த வேலை நிலைக்காவிட்டால் எப்சிபாள் வேலூருக்கு அப்பா வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அப்பா தானியேல் மருந்துக்கடையில் கம்பவுண்டர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணிக்கைத் தட்டு பிடிக்கிற கை, மற்ற நாட்களில் பெண்டாட்டி பிள்ளைகள் மேல் விழும். இருபது வயதுப் பெண் என்றும் பார்க்க மாட்டார். "போய்ப் பாரு. ரெண்டு மாசத்துல பிள்ளைங்களெல்லாம் ஓடிப் போய்டும், பின்னாடியே நீயும் வந்துடுவ" என்று சொல்லித்தான் வண்டி ஏற்றிவிட்டார். அந்த ரெண்டு மாசம் அவள் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

முதல் நாள் அவள் செய்த முதல் காரியம், அந்த ஜன்னலைத் திறந்தது. சுகாதாரப் பாடத்தில் காற்றோட்டத்துக்குத் தனி அத்தியாயமே படித்தவள் அல்லவா. காற்று வந்ததோ இல்லையோ, மண்டியின் நாற்றம் வந்தது. கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனாள். பிள்ளைகள் பார்ப்பதைக் கண்டு வெட்கப்பட்டு இறக்கிவிட்டாள். பிறகு நிமிர்ந்து நின்று, தன் முழுக் குரலில் ஆஜர் கூப்பிட்டாள்.

"பில்கிஸ் பேகம்!"

பில்கிஸ் மஹபூப் பாஷாவின் மகள். பதினோரு வயது, வகுப்பிலேயே பெரியவள். அவள் திடுக்கிட்டு எழுந்து, "ஆஜர்" என்றாள். அப்புறம் ஜஹீதா, வஹீதா என்று வரிசையாகப் பெயர்கள் போயின. ஒவ்வொரு பெயரின் கடைசியிலும் எப்சிபாள் ஒரு சின்ன இழுப்பு இழுத்தாள், அது அவளுக்குத் தானாக வருவது. பிள்ளைகளின் குரலும் ஏறிக்கொண்டே போனது. கடைசிப் பெயருக்கு வரும்போது அறையே கணீரென்றிருந்தது. அன்று மாலை வாடகை அறைக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நான் டீச்சர்தான், நான் டீச்சர்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

ஒரு மாதத்துக்குள் பிள்ளைகள் குறைய ஆரம்பித்தார்கள்.

முதலில் நின்றது பில்கிஸ். பிறகு ஜஹீதா, பிறகு அக்கா தங்கை இருவர் சேர்ந்தாற்போல். வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்துவருகிறவள் பள்ளிக்கூட ஆயா மஹ்பூபி. அவளுடைய பர்தாவுக்குப் பின்னால் வருகிற வரிசை நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டே வந்தது. ஏன் என்று கேட்டால் மஹ்பூபி, "வரலியாம்" என்று சொல்லிவிட்டுப் பானையில் தண்ணீர் நிரப்பப் போய்விடுவாள்.

எப்சிபாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டின் முன் உட்கார்ந்தால் எழுந்துகொள்வாள், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோவாள். கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனதைப் பார்த்துவிட்டு அவர்கள் வீட்டில் சொல்லியிருப்பார்களோ? ஜஹீதாவின் காதை ஒரு தரம் திருகினோமே, அதுவோ? பெருக்கல் வாய்ப்பாட்டுக்குக் கோயில் கீர்த்தனையின் மெட்டைப் போட்டோமே, மதத்தைப் புகுத்துகிறாள் என்று நினைத்துவிட்டார்களோ? அவள் மெட்டை மாற்றினாள். படம் வரைந்து கொண்டுபோனாள். புளியங்கொட்டையால் கூட்டலும் கழித்தலும் சொல்லிக்கொடுத்தாள். ஒரு நாள் இருக்கிற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவளுக்கு உச்சி குளிர்ந்தது. மறுநாள் அந்தச் சிரித்தவர்களிலும் ஒருத்தி வரவில்லை.

பிள்ளைகள் குறையக் குறைய அவள் இன்னும் உரக்க ஆஜர் கூப்பிட்டாள். வராதவர்களின் பெயரையும் விடவில்லை. இரண்டு தரம் கூப்பிட்டாள். கூப்பிட்டால் வந்துவிடுவார்கள் என்பதுபோல.

மஹபூப் பாஷா ஒரு நாள் வாசலில் நின்றபடியே பேசினார். பெண்கள் இருக்கிற அறைக்குள் அவர் வருவதில்லை.

"டீச்சரம்மா, உங்க மேல கொறை ஒண்ணும் இல்லே. ஆனா புள்ளைங்க ரொம்பக் கம்மியாய்ட்டாங்க. அடுத்த மாசம் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வர்றாங்க. அன்னிக்கும் இப்படியே இருந்துச்சுன்னா கமிட்டியில மூடிடுவாங்க. நான் இன்னா சொல்ல முடியும்?"

"உங்க பில்கிஸே வரலீங்களே. என்ன காரணம்னு சொன்னா நான் சரி பண்ணிக்குவேன்."

அவர் சுவரைப் பார்த்தார். மனுஷர் நல்ல மனுஷர். ஆனால் தன் வீட்டுப் பெண்ணைப் பற்றி ஓர் அந்நியப் பெண்ணிடம் பேசுவது அவருக்குத் தோல் ஊறுகிற சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குவதுபோல. "அது வூட்டு விஷயம்" என்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவளுக்கு உறக்கம் பிடிக்கவில்லை. ஒரு நாள் காலை, அறையில் முடங்கிக் கிடக்க முடியாமல், பள்ளிக்கூட நேரத்துக்கு வெகு முன்னதாகவே கிளம்பிவிட்டாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சரக்கை இறக்கிவிட்டுப் போய்விடுகிற மாட்டு வண்டிகள் மண்டி வாசலில் நின்றிருந்தன. உப்புப் போட்ட பச்சைத் தோல்களை ஆட்கள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டிமேல் நிற்பவன் தோலைத் தூக்கி வீச, கீழே நிற்பவன் வாங்கி அடுக்குவான். எண்ணிக்கை தப்பாமலிருக்க ராகம் போட்டு எண்ணுவது அங்கே வழக்கம். ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்கி, ரெண்டு, மூணு என்று போவார்கள்.

தெருமுனையில் வரும்போதே எப்சிபாளுக்கு ராகம் கேட்டது. வார்த்தை புரியவில்லை. கடைசியில் ஒரு சின்ன இழுப்பு. அட, இது நம் இழுப்பு ஆயிற்றே என்று ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது. இன்னும் நாலடி நடந்தாள்.

"பில்கிஸ் பேக...ம்!"

தோல் காற்றில் பறந்து சொத்தென்று விழுந்தது.

"ஆஜர்!" என்றான் கீழே நின்றவன், குரலைப் பெண்குரலாக்கி.

"பில்கிஸ் பேக...ம்!"

சொத்.

"ஆஜர்!"

அவளுடைய பட்டியல் அப்படியே, ஒரு பெயர் முன்பின் மாறாமல், இரண்டு தரம் கூப்பிட்ட பெயர்கள் இரண்டு தரமாகவே வந்தன. ரத்தமும் உப்பும் ஒழுகுகிற ஒவ்வொரு தோலுக்கும் ஒரு பிள்ளையின் பெயர். எப்சிபாள் நேரே வண்டிச் சக்கரத்தருகே போய் நின்றாள்.

"என்னய்யா பண்றீங்க?"

வண்டிமேலிருந்தவன் பெயர் ரத்தினசாமி. தோலை இடுப்பில் அணைத்தபடி விழித்தான். "எண்றோம்மா."

"அதெல்லாம் பிள்ளைங்க பேருய்யா!"

"மொதல்ல அது எங்களுக்குத் தெரியாதும்மா. ஜன்னல் வழியா தெனம் கேட்டுச்சு. பள்ளிக்கூடத்துப் பாட்டுன்னு நெனச்சோம். நம்பர் சொன்னா நடுவுல தப்பிப் போவுது, இது தப்பறதே இல்லே." அவன் குரல் இறங்கியது. "முதலாளி மவன் முனீர் அகமது வந்து சவுக்கால சாத்தினாரே, அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. முதலாளி இருக்கறப்ப சொல்றதில்லேம்மா. ஆனா வாய் பழகிடுச்சு. கை தூக்குனா வாய் தானா சொல்லுது."

எப்சிபாள் திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். யாரைத் திட்டுவது? ஜன்னலைத் திறந்தது யார்? அவள் உள்ளே போய், முதல் வேலையாக அதை அறைந்து சாத்தினாள்.

மஹ்பூபி வந்ததும் அவள்மேல் பாய்ந்தாள். "உங்களுக்குத் தெரியுமா இது? தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட சொல்லலே?"

"ஊருக்கே தெரியுமே டீச்சரம்மா! உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன். கவர்மெண்டு சட்டம், கத்தித்தான் ஆவணும்போல, பாவம் அவங்க இன்னா செய்வாங்கன்னு இருந்துட்டேன்."

அங்கேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு வேலூருக்கு ஓடிவிடலாம் என்று எப்சிபாளுக்குத் தோன்றியது. மெய்யாகவே தோன்றியது. அடுத்த நிமிஷம் அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. அதைவிடப் பிள்ளைகளின் பெயர்கள் விழுந்த சத்தம் நினைவுக்கு வந்தது. அன்று மாலையே மஹ்பூபியைக் கூட்டிக்கொண்டு மஹபூப் பாஷாவின் வீட்டுக்குப் போனாள்.

பில்கிஸின் அம்மா முனவ்வர் பேகம் திரைக்குப் பின்னாலிருந்தே பேசினாள். அந்த அம்மாள் பெண்களுக்கு முன்னால் திரை போடுகிறவள் அல்ல; இந்த டீச்சரின் முகத்தைப் பார்க்க இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

"ஆம்பூர்லேர்ந்து பொண்ணு கேட்டு வந்தாங்க. மண்டி வாசல்ல தோல் எண்ற சத்தம் கேட்டுச்சு. வூட்டுக்குள்ள வராமலே வண்டியைத் திருப்பிட்டாங்க. இவ அண்ணன் போய் ஆளுங்களை அடிச்சான். அப்பறம் வூட்டுக்கு வந்து இவளை அடிச்சான். இவ இன்னா செஞ்சா?"

"அவ ஒண்ணும் செய்யலீங்க. நான்தான் செஞ்சேன்."

"உங்க பேரை நாலு ஆம்பளைங்க ரோட்டுல கூவினா உங்க அப்பா சும்மா வுடுவாரா?"

"அடிப்பாருங்க."

"அவங்களையா?"

"இல்லீங்க. என்னைத்தான்."

திரைக்குப் பின்னால் யாரோ சின்னக் காலால் தரையைத் தேய்ப்பது கேட்டது. பிறகு திரை விலகி, முனவ்வர் பேகம் ஒரு கிளாஸ் டீயோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். சிவந்த, தூங்காத கண்கள். எப்சிபாளுக்கும் அதே கண்கள்தான்.

"நாளைக்கு அனுப்பறேன். மத்த வூட்டுலயும் நானே சொல்லி அனுப்பறேன். ஆனா ஒண்ணு. பேரு செவுத்தைத் தாண்டக் கூடாது."

எப்சிபாள் தன் வேதப்புத்தகத்தின்மேல் கை வைப்பதுபோல அந்த டீ கிளாஸின்மேல் கை வைத்து, தாண்டாது என்றாள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஜன்னல் சாத்தியே இருந்தது. எப்சிபாள் இப்போது ஆஜர் கூப்பிடுவதில்லை. ஒவ்வொருத்தியின் பக்கத்திலும் போய்க் குந்தி உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துப் பட்டியலில் புள்ளி வைத்தாள். யாருக்கு முன்பல் விழுந்திருக்கிறது, யார் கண்ணில் மை கலைந்திருக்கிறது, யார் அழுதுவிட்டு வந்திருக்கிறாள் என்பதெல்லாம் தெரிந்தது. இத்தனை நாளாக ஒரு தடவைகூட இதைப் பார்க்கவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. வஹீதா இதை விளையாட்டாக்கிவிட்டாள். டீச்சர் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு மூச்சுவிடாமல் உட்கார்வாள். எல்லாரும் கிசுகிசுத்தே பாடம் படித்தார்கள், கிசுகிசுத்தே சண்டை போட்டார்கள். அவள் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமான வாரம் அதற்கு முன்னால் இருந்ததில்லை. ஆனாலும் பயம் விட்டபாடில்லை. மண்டியில் ஆட்கள் பெயரை விட்டுவிட்டு ராகத்தை மட்டும் முனகிக்கொண்டு தோல் எண்ணினார்கள். ராகத்தை யார் தடுக்க முடியும்?

இன்ஸ்பெக்ட்ரஸ் துரைசானி வந்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. துரைசானி உள்ளே வந்ததும் கைக்குட்டையை மூக்கில் வைத்தார். வைத்தது வைத்தபடியே இருந்தார். "ஜன்னலைத் திறவும். பிள்ளைகளுக்குக் காற்று வேண்டும்" என்று புத்தகத் தமிழில் சொன்னார். எப்சிபாள் தயங்குவதற்குள் அவரே போய்த் திறந்துவிட்டார். வெளியே, அன்று நேரம் கழித்து வந்த வண்டியிலிருந்து தோல் இறங்கிக்கொண்டிருந்தது.

"இப்பொழுது பெயர்களை உரக்க வாசியும்."

"அம்மா, நான் ஒவ்வொருத்தரையும் நேரில் பார்த்தே வருகையைக் குறிக்கிறேன். உரக்க வாசிப்பதில்லை."

"ஏன் இப்படி முணுமுணுக்கிறீர்? ஆசிரியைக்குக் குரல் வேண்டாமா?"

இத்தனை பேர் இருக்க, எப்சிபாளைப் பார்த்துக் குரல் இல்லை என்கிறார். அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. காரணத்தைத் தாழ்ந்த குரலில் சொல்லிப் பார்த்தாள். துரைசானிக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியும் பிடிக்கவில்லை. "பெயர் சொல்ல வெட்கப்படும் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? நல்லது, நீர் வாசிக்க வேண்டாம். பிள்ளைகளே எழுந்து தங்கள் பெயரைத் தெளிவாய்ச் சொல்லட்டும். சொல்லாத பிள்ளையை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன்."

அவர் பென்சிலால் பில்கிஸைச் சுட்டினார்.

வெளியே தோல் விழும் சத்தம் நின்றுபோயிற்று. எட்டிப் பார்க்காமலேயே எப்சிபாளுக்குத் தெரிந்தது, ஆட்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பெயர் சொன்னால் பிள்ளைகள் போய்விடுவார்கள். சொல்லாவிட்டால் பள்ளிக்கூடம் போய்விடும். எப்படியும் வேலூர்தான். "சொல்லாதே" என்று கத்த நினைத்தாள்.

அதற்குள் பில்கிஸ் எழுந்துவிட்டாள். ஜன்னலைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். பிறகு நல்ல கணீர்க் குரலில் சொன்னாள்:

"எப்சிபாள்."

துரைசானி பென்சிலை நக்கிவிட்டு அடுத்தவளைப் பார்த்தார். ஜஹீதா துள்ளி எழுந்தாள். "எப்சிபாள்!"

"எப்சிபா" என்றாள் வஹீதா; அவளுக்கு முன்பல் இல்லை.

அறை முழுக்க, ஒருத்தி பாக்கியில்லாமல், அதே பெயர். எப்சிபாளுக்கு முதலில் காது அடைத்தது. அப்புறம் கோபம் வந்தது. கேட்காமல் கொள்ளாமல் என் பெயரை எடுத்துத் தெருவில் போடுகிறார்களே என்று சுருக்கென்றது. அந்தச் சுருக்கு அடங்குவதற்குள்ளேயே நெஞ்சு நிறைந்து கண்ணில் தண்ணீர் முட்டியது. எது முதலில், எது பின்னால் என்று அவளுக்கே தெரியவில்லை.

துரைசானி பட்டியலைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். "இது என்ன பரிகாசம்? எல்லாருக்கும் ஒரே பெயரா? உம்முடைய பெயர் என்ன?"

"எப்சிபாள்" என்றாள் அவள். வேலூர் கோயிலின் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்.

ஜன்னலுக்கு வெளியே ரத்தினசாமி தோலைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றான். துரைசானி அவனை ஒரு பார்வை பார்த்தார். மீதிப் பாதி அப்போதுதான் புரிந்ததோ, இல்லை வெயில்தான் தாங்கவில்லையோ, பட்டியலை மூடிவிட்டு, பென்சில் முனையால் பிள்ளைகளின் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். "குறையில்லை" என்று எழுதினார். அதற்குக் கீழே 'ஆசிரியைக்கு ஒழுங்கு போதாது' என்றும் எழுதிவிட்டுத்தான் போனார். வாசலில் காத்திருந்த மஹபூப் பாஷா முதல் வரியை மட்டும் படித்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி, "டீச்சரம்மா, ஸ்கூல் நடக்கும்" என்றார்.

அவர் அந்தப் பக்கம் போனதுதான் தாமதம், மண்டியில் ஆரம்பித்துவிட்டது.

"எப்சிபா...ள்!"

சொத்.

எப்சிபாளுக்குக் கன்னம் எரிந்தது. இப்படித்தான் இருக்குமா, இப்படித்தான் இந்தப் பிள்ளைகளுக்கு இருந்ததா என்று நினைத்தபோது உட்கார முடியவில்லை. பில்கிஸைத் தனியே கூப்பிட்டாள்.

"ஏன்டி என் பேரைச் சொன்னே? வேற ஏதாச்சும் பேரு தோணலியா?"

பில்கிஸ் இதென்ன கேள்வி என்பதுபோல அவளைப் பார்த்தாள்.

"எந்தப் பேரைச் சொன்னாலும் அந்தப் பேருல இந்த ஊருல ஒரு பொண்ணு இருக்கும், வூட்ல அதுக்கு அடி உளும். உங்க அப்பா வேலூர்லதானே இருக்காரு, டீச்சரம்மா? இங்கே உங்களை யாரு அடிப்பாங்க?"

வெளியே அடுத்த தோல் விழுந்தது. எப்சிபாள் பதில் தேடினாள். யாரும் இல்லை. இந்த ஊரில் அவளை அடிக்க ஒருத்தரும் இல்லை. இத்தனை நாளாக ஒரு தடவைகூட அதை அவள் எண்ணிப் பார்த்ததில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல், தெருவுக்கே கேட்கும்படி சிரித்தாள்.